பெயர் இல்லாத விடுதலை

ஜூன் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா தூங்கினாரா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு." நான் வழக்கம்போல ஓர் உதாரணத்தில் ஆரம்பித்தேன். "உன் உதாரணத்தை உன் வெப்சைட்லயே போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாய். அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை. என் எண்ணையே தடுத்து வைத்திருக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். வீட்டுப் பக்கம் வராதே என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி. தாளும் பேனாவும் இருக்கின்றன.

பதில்: தூங்கவில்லை.

மற்றதைக் கோபம் வந்தாலும் கடைசிவரை வாசி. நீ பிறப்பதற்கு முன்னால் அப்பா ஊருக்கு வெளியே ஒரு ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்தார். ஒரு நாள் விடியும் நேரத்தில், கேட் திறந்திருந்தபோது, செங்கல் சூளைக்குப் பெண்களை ஏற்றிப்போன டிராக்டர்மேல் சரக்கு ரயில் மோதியது. நான்கு பெண்கள் இறந்துபோனார்கள். மறுநாள் பேப்பரில் 'தூங்கிய கேட்கீப்பர் கைது' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், நம் தெருவின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. பிறகு கோர்ட் அப்பாவை விடுதலை செய்தது. ரயில் வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்தான் கேட்டை மூடுவார்கள். அந்தப் போன் முதல் நாளே செத்துப்போயிருந்தது. அப்பா ஸ்டேஷன் வரை நடந்துபோய் அதைச் சொல்லிவிட்டும் வந்திருந்தார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அந்த ஊரை விட்டு வந்தோம். "பொறக்கப் போற பிள்ளைக்கு இது தெரியவே வேண்டாம்" என்று அம்மா சொன்னார். நான் சொல்லவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை.

இனி, என் 'வெப்சைட்'. அந்தப் பழைய பேப்பரின் இதழ்களை ஒரு சிறிய அலுவலகத்தில் ஸ்கேன் செய்கிறார்கள். இயந்திரம் எழுத்துகளை வாசித்துக் கொடுக்கும், தப்புத் தப்பாக. என்னைப் போன்ற வேலை ஓய்ந்தவர்கள் திருத்துகிறோம். ஒரே ஆள் வேறு வேறு இதழ்களில் வந்தால் அவற்றை இணைக்கிறோம். ஐம்பது வீடுள்ள தெருவில் எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள். ஸ்கேன் செய்வது வீடுகளைப் படம் எடுப்பது. திருத்துவது பூட்டைத் திறப்பது. இணைப்பது, ஒரு வீட்டுக்குள் போனவர் பின்கட்டு வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும்படி வழி விடுவது.

போன மாதம் ஒரு படம் கிடைத்தது. ரயில்வே ஊழியர்கள் கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்த படம். கயிற்றின் கடைசியில் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பவர் நம் அப்பா. கீழே பெயர் இருந்தது. குறித்தேன். உடனே திரை கேட்டது: 'வேறொரு செய்தியிலும் இதே பெயர், இதே வேலை. இருவரும் ஒருவரா?' ஆம் என்று அழுத்தினேன். அது உண்மை என்பதால் அழுத்தினேன். விடுதலைச் செய்தியும் பின்னாலேயே வந்து சேரும் என்று நம்பினேன். வரவில்லை.

அந்தக் கைதுச் செய்தியை அழி என்கிறாய். அழிக்க மாட்டேன்.

அக்கா


ஜூன் 14

டீச்சரம்மாவுக்கு,

தூங்கவில்லை என்ற ஒரு வார்த்தைக்கு ஒரு தெரு, ஐம்பது வீடு, பின்கட்டு. உன்னிடம் படித்த பிள்ளைகள் பாவம்.

நீ உண்மைக்காக அழுத்தினாய். இங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள். அப்பா கேட்டை விட்டு வந்து எத்தனை வருடமானாலும் அவர் கை சும்மா இருக்காது. தினமும் காலையில் என் வீட்டுத் தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் எதிரில் நிற்பார். கையைத் தூக்குவார். லாரியும் நிற்கும். பிள்ளைகள் கடந்து போவார்கள். 'ஸ்டாப் தாத்தா' என்றுதான் அவருக்குப் பெயர். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

பெற்றோர்களில் ஒரு பெண், நல்லவள்தான், பள்ளி ஆண்டு விழாவில் அவரை மேடையேற்றி நன்றி சொல்லலாம் என்று நினைத்தாளாம். நாலு வரி எழுதுவதற்காக அவருடைய பெயரை நெட்டில் அடித்துப் பார்த்திருக்கிறாள். முதலில் வந்தது உன் கைவண்ணம். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். கீழே யாரோ: 'நம் பிள்ளைகளின் உயிர் இவர் கையிலா?'

மறுநாள் காலையில் கார்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்றிருக்கிறார்.

"ஏன் தம்பி?"

"உங்க பேர் நெட்ல வந்திருக்கு."

"பேர் வந்தா நல்லதுதானே?"

அப்பாவுக்குப் புரியவில்லை, அக்கா. சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். நான் போனில் பார்த்தேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. என் அப்பா யார் என்று எனக்குச் சொன்னது யாரோ ஒரு பெற்றோர் குழு.

இப்போது அறையை விட்டு வெளியே வருவதில்லை. மாலையில் கீழே சீட்டாட்டத்துக்கு ஒரே ஒருமுறை போனார். நாற்காலி காலியாக இருக்கும்போதே கூட ஆடும் பல்செட்காரர் "ஆள் சரியா இருக்கே" என்றாராம். திரும்பி வந்துவிட்டார்.

நான் மருந்துக் கவுண்டரில் நிற்கிறவள். ஒரு மருந்து கெட்டுவிட்டது என்று தெரிந்தால் அலமாரியிலிருந்து எடுத்துக் கீழே போடுவோம். 'இதுவும் சரித்திரம்' என்று விற்றுக்கொண்டிருக்க மாட்டோம். உனக்குத்தான் உதாரணம் பிடிக்குமே, இதை வைத்துக்கொள்.

எடுத்துவிடு. அதுவரை என் வீட்டு வாசலை மிதிக்காதே.

உன் அப்பாவின் இன்னொரு மகள்


ஜூன் 19

தங்கச்சி,

கடிதத்தை வாசித்தேன். அந்தக் கார்க்காரரை என் வகுப்பில் நிற்கவைத்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். 'பேர் வந்தா நல்லதுதானே' என்று அப்பா கேட்ட இடத்துக்கு மேல் என்னால் போகவே முடியவில்லை.

உன் உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் பாதிதான் சொன்னாய். கெட்ட மருந்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டாய். ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போனவர்களை என்ன செய்வாய்? கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா? அந்தப் படம் இப்போது அத்தனை போனிலும் இருக்கிறது. நான் இங்கே பக்கத்தை அழித்தால் அது அங்கே அழியாது. பதில் சொல்வதற்கு நமக்குத்தான் ஓர் இடமும் இல்லாமல் போகும். அதோடு, அழிக்கச் சொல்லி ஓடி வந்தார்கள் என்றும் பேச்சு வரும். எங்கள் அலுவலக ஒருங்கிணைப்பாளரும் அழிக்க மறுத்துவிட்டார். அதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

என் கோபம் வேறு. கைதுச் செய்தி ஒரு நொடியில் வந்தது. விடுதலைச் செய்தி வரவில்லை. அப்பாவின் பெயரைப் போட்டேன், இல்லை. கேட், டிராக்டர், சூளை, தண்டவாளம், ஒன்றொன்றாகப் போட்டேன். எல்லாம் கைதுச் செய்தியிலேயே கொண்டுபோய் விடுகின்றன. விடுதலை என்று அடித்தால் நாடே வந்து நிற்கிறது. சைக்கிள் திருடியவர், மாமனாரை அடித்தவர், ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், எல்லோரும் விடுதலையாகியிருக்கிறார்கள். நம் அப்பாவைத் தவிர.

ஆனால் அந்தச் செய்தி வந்தது. அம்மா அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். அதை அந்தச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். எந்த மாதம் என்று எனக்கு நினைவில்லை. இனித் தேடுவதில் பயன் இல்லை, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் வாசிக்கத்தான் வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரிய வேண்டும்.

விடுதலையான நாள் எது என்று அப்பாவைக் கேள். நான் கேட்கலாமென்றால் நீதான் வாசலை அடைத்து வைத்திருக்கிறாயே.

அக்கா


ஜூன் 23

கேட்டேன். உனக்காக இல்லை.

காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "அப்பா, கோர்ட்ல உங்களை எப்ப விட்டாங்க?" என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பவில்லை.

"யார் கேட்கிறா?"

"பெரியவ."

"எதுக்காம்?"

"நீங்க தூங்கலைன்னு காட்டத்தான்."

"நான் தூங்கலைன்னு எனக்குத் தெரியுமே."

"ஊருக்குத் தெரிய வேண்டாமா?"

"ஊர் தூங்குதும்மா. நீ போய் வேலையைப் பாரு."

காபி ஆறிப்போனது. நான் எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். அப்போது சொன்னார். தேர்தல் முடிவு வந்த நாளாம். ஜட்ஜ் அவசர அவசரமாகத் தீர்ப்பை வாசித்தாராம். கோர்ட் ஆள் ஒருவர் ஜன்னல் பக்கம் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டே இருந்தாராம். இவர் வெளியே வந்தால் தெருவெல்லாம் வெடி, கொடி, லாரி.

"எனக்குத்தான் வெடிக்கிறாங்கன்னு சொல்லிச் சொல்லி உங்கம்மா சிரிச்சா. நீ அப்ப வயித்துல."

இதை உன் ஐம்பது வீட்டில் எந்த வீட்டிலாவது வைத்துக்கொள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அம்மா சிரித்தது கூட எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. நீ மட்டும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இத்தனை காலம் டீச்சராக இருந்திருக்கிறாய்.

தேர்தல் நாள் உனக்குத் தெரிந்திருக்கும். சரித்திர டீச்சர்தானே.


ஜூன் 30

தங்கச்சி,

கிடைத்துவிட்டது.

தேர்தல் முடிவுக்கு மறுநாள் இதழ். முதல் பக்கத்திலிருந்து ஏழாம் பக்கம் வரை ஜெயித்தவர்கள், தோற்றவர்கள், மாலை, ஊர்வலம். கடைசிப் பக்கத்தில், தலைமுடித் தைல விளம்பரத்துக்குக் கீழே, மழைச் செய்திக்கு மேலே, ஐந்து வரி. மூன்று முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அப்படியே எழுதுகிறேன்:

'ரயில் விபத்து வழக்கில் ஊழியர் விடுதலை. பெண்கள் நால்வர் மாண்ட விபத்து குறித்த மேற்படி எண் வழக்கில், நிலையத்திலிருந்து தகவல் வராததே காரணம் எனக் கண்டு, குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதி நேற்று விடுவித்தார்.'

அவ்வளவுதான். பெயர் இல்லை. கேட் என்ற வார்த்தைகூட இல்லை. தேர்தலுக்கு இடம் வேண்டியிருந்தது, அப்பாவின் பெயரை வெட்டிவிட்டார்கள். பழிக்கு அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், தெருவின் பெயர். விடுதலைக்கு 'குற்றம் சாட்டப்பட்டவர்'. இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும்? கேட்டதைத்தானே அது தேடும்?

ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினேன். மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வாசித்தார்.

"பேரு எங்க டீச்சர்?"

"இவர்தான் சார் அவர். என் அப்பா."

"அது உங்களுக்குத் தெரியும். பக்கத்துக்குத் தெரியாதே."

"நான் சொல்றேனே!"

"யார் சொன்னாலும் இணைக்கக் கூடாது, அச்சுல இருந்தாத்தான் இணைக்கணும். இந்த விதி வேணும்னு கூட்டத்துல சண்டை போட்டதே நீங்கதான்."

அது உண்மை. போன வருடம் ஒருவர் தன் தாத்தா என்று நினைத்து, அதே பெயருள்ள ஒரு கள்ளநோட்டுக்காரரை இணைத்துவிட்டார். இரண்டு குடும்பமும் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு நான்தான் எழுந்து நின்று, ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் மதிப்பெண் எப்படி மாறிப்போகும் என்று உதாரணம் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். இன்று அதே உதாரணத்தை அவர் எனக்குத் திருப்பிச் சொல்கிறார்!

கைப்பையை அவர் மேசைமேல் போட்டு அடித்தேன். உள்ளே இருந்த என் கண்ணாடி உடைந்துவிட்டது. இதைப் பழைய கண்ணாடியோடு எழுதுகிறேன், வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதைச் செய்யவில்லை. நான் செய்ய நினைத்ததும் நடக்கவில்லை. ஐந்து வரி கையில் இருக்கிறது, அதற்குப் போக வழி இல்லை.

அக்கா


ஜூலை 4

அக்கா,

லீவு போட்டுவிட்டு உன் அலுவலகத்துக்கே போனேன். நீ அன்று வர மாட்டாய் என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

ஒரே அறை. இரண்டு மேசை. ஸ்கேன் மெஷினுக்குத் துணி போர்த்தியிருக்கிறது. சுவரில் 'அமைதி' என்று எழுதியிருக்கிறது. உள்ளே நுழைந்ததுமே, "இங்க யாருங்க ஒருங்கிணைப்பாளர்?" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "நீங்க டீச்சரோட தங்கச்சிதானே?"

"எப்படித் தெரியும்?"

"குரல்."

தண்ணீர் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "எங்கப்பா தூங்கினார்னு போடத் தெரிஞ்ச உங்களுக்கு, தூங்கலைன்னு போட ஏன் தெரியலை?" என்றேன். வெளியே நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "எனக்கும் அது உங்கப்பாதான்னு தெரியுதும்மா. ஆனா இன்னைக்கு உங்க வார்த்தையை நம்பி ஒண்ணை இணைச்சா, நாளைக்கு வேற யாரோ வந்து அவங்க வார்த்தையை நம்பி உங்கப்பா தலையில இன்னொண்ணைக் கட்டச் சொல்வாங்க. அப்ப நான் என்ன சொல்லட்டும்?" என்றார். இதற்குப் பதில் உனக்கு வருமா? பிறகு, "பேரைத் தவிர வேற ஏதாவது ரெண்டு பக்கத்துலயும் அச்சுல ஒண்ணா இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க. கையெழுத்து நான் போடுறேன்" என்றார். சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நீ எழுதிய ஐந்து வரியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன்.

"பெண்கள் நால்வரா?"

"ஆமாப்பா."

"முதல் செய்தியில?"

"கூலிப் பெண்கள் நால்வர்."

அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. நீ பார்த்திருப்பாய். நான் இப்போதுதான் பார்க்கிறேன். டம்ளர் உருண்டது.

"அக்காளும் தங்கச்சியுமா சேர்ந்து என் பேரைக் கழுவிக்கிட்டிருக்கீங்க. அவங்களுக்குப் பேர் இல்லையா? கோர்ட் விட்டதும் நாலு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டுல தண்ணி கொடுத்தாங்க. ஒரு வீட்டுல மண்ணை வாரி அடிச்சாங்க. நான் தூங்கலை. ஆனா கேட் திறந்துதான் இருந்துச்சு. அதை யார்கிட்டயும் நான் மறைக்கலை."

பிறகு நான்கு பெயரையும் சொன்னார். நிற்காமல், தடுமாறாமல். இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். யாரைக் கேட்டாவது போடு. அவர் இனி என்னோடு பேசுவது இதைப் பொறுத்துத்தான் போலிருக்கிறது.

போன் தடையை எடுத்துவிட்டேன். ஆனால் பேசாதே, எழுது. பேசினால் கத்துவேன்.


ஜூலை 9

தங்கச்சி,

நான் ஒரு மடச்சி. 'மேற்படி எண் வழக்கில்' என்று என் கையாலேயே உனக்கு எழுதி அனுப்பினேன். எந்த எண் என்று பார்க்கவில்லை. பெயரையே தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு எண் தெரியவில்லை. விடுதலைச் செய்தியின் தலைப்புக்கு மேலேயே வழக்கு எண் சின்னதாக அச்சில் இருக்கிறது. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று நடுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது; இயந்திரம் பெயரைத் தப்பாக வாசித்திருந்ததால் தேடலில் அகப்படவில்லை. அதில் அதே எண்ணும் இருக்கிறது, அப்பாவின் பெயரும் இருக்கிறது. ரயில் பெட்டியைப் போலத்தான். முதல் பெட்டியில் ஏறியவர் கடைசிப் பெட்டிக்கு நேராகத் தாவ முடியாது, நடுப்பெட்டி வழியாக நடந்து போகலாம்.

ஒருங்கிணைப்பாளர் மூன்று பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். இப்போது அந்தக் கைதுச் செய்தியை யார் திறந்தாலும் அதன் தலைப்புக்கு மேலே, 'இவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார்' என்ற வரி முதலில் வரும். தொட்டால் தைல விளம்பரத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தும். இனி எல்லா வழக்குகளையும் எண்ணை வைத்தும் இணைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். நேற்று ஒரே நாளில் இன்னும் பலர் விடுதலையாகியிருக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள், இத்தனை நாள் எதைப் படித்துக்கொண்டிருந்தார்களோ.

அந்த நான்கு பெயர். அப்பா தன் குரலில் சொல்லிப் பதிவு செய்தால், சொன்னவர் யார் என்று குறித்து, அதை எழுத்தாக்கி, 'கூலிப் பெண்கள் நால்வர்' என்ற இடத்தில் இணைக்கலாம். ஒருங்கிணைப்பாளர் ஒத்துக்கொண்டுவிட்டார். ஒத்துக்கொள்ளாதது நான்.

கோபப்படாதே. படு, ஆனால் கேள். அப்பாவின் பெயரைப் பேப்பர் யாரையும் கேட்காமல் போட்டது. நான் உன்னைக் கேட்காமல் இணைத்தேன். அதன் பலனைத் தெருமுனையில் பார்த்தோம். அதையே இன்னும் நான்கு வீட்டுக்கு நான் செய்ய மாட்டேன். அந்த ஊர் உனக்கு இரண்டு மணி நேரப் பஸ். போய் அந்த வீடுகளில் கேள். அவர்கள் சரி என்றால்தான் போடுவேன்.

அக்கா


ஜூலை 17

அக்கா,

போனோம். 'நானும் வர்றேன்' என்று அப்பா முதல் ஆளாகச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். அறையை விட்டு வெளியே வந்ததே இதற்குத்தான். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். "அவ சொன்னது சரிதான்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

கேட் இருந்த இடத்தில் இப்போது மேம்பாலம். அப்பா கீழே நின்று மேலே பார்த்தார்.

முதல் பெண்ணின் மகள் மாவு மில் வைத்திருக்கிறார். முடியெல்லாம் மாவு. மெஷின் சத்தத்தில் அப்பா தான் யார் என்று இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா மெஷினை நிறுத்தினார்.

"கேட்டுக்காரரா? நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்ப எங்க பாட்டி மண்ணை வாரி அடிச்சாங்களே."

"ஆமாம்மா."

"கண்ணுல பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"உட்காருங்க."

விஷயத்தைச் சொன்னேன். போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். 'கூலிப் பெண்கள் நால்வர்' என்பதை விரலை வைத்து வாசித்தார். அந்த இடத்தில் திரையில் மாவு ஒட்டிக்கொண்டது.

"எங்கம்மா நல்லாப் பாடும். அதையும் எழுதுவீங்களா?"

அப்பா, "நான் சொல்றேன்" என்றார்.

"அப்ப எழுதுங்க. பேரை முழுசா எழுதுங்க."

இரண்டாவது வீட்டில் மகன், வண்டி கழுவிக்கொண்டே நிமிராமல், "போடுங்க" என்றார். மூன்றாவது வீட்டில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். நான்காவது குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆக இரண்டு பெயர். திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸிலேயே போனில் பேசிப் பதிவு செய்தார். ஹாரன் சத்தமும் இருக்கும். மாவு மில் அம்மாவின் அம்மா பாடுவாள் என்பதையும் சொல்லியிருக்கிறார். உனக்கு அனுப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி மூலமாகப் பெற்றோர் குழுவில் உன் புதிய இணைப்பைப் போட வைத்தேன். பழிக்கு நூற்றுக்கணக்கில் பதில் போட்டவர்கள் இதற்கு ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் அந்த ஆண்டு விழாப் பெண். மற்றவர்களுக்குக் கை வலிக்கிறது போல. பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் வரவில்லை. கூப்பிடவில்லை. மன்னிப்பும் இல்லை.

அடுத்த வாரம் திங்கள்கிழமையிலிருந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தின் எதிரில் நிற்கப்போகிறாராம். அப்பா அங்கே போட்டுக்கொள்ளும் தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். "யாரும் கூப்பிடலையேப்பா" என்றேன். "முன்னாடி மட்டும் யார் கூப்பிட்டா?" என்கிறார்.

நானும் போய் நிற்கப்போகிறேன். அந்தக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கட்டும், அப்புறம் இருக்கிறது.

தங்கச்சி


ஜூலை 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதிவு கிடைத்தது. ஹாரனை வெட்டவில்லை. எழுத்தாக்கி, திருத்தி, இணைத்துவிட்டேன். கதவைச் சாத்திய வீட்டின் பெயரையும், காணாமல்போன வீட்டின் பெயரையும் போடவில்லை. அந்த இடத்தில், 'குடும்பத்தின் சம்மதம் இன்னும் இல்லை' என்று மட்டும் இருக்கிறது. பதிவில் அப்பா சொல்கிறார்: 'நான் தூங்கலை. ஆனா கேட் திறந்துதான் இருந்துச்சு.' அந்த வாக்கியத்தில் பாதியை வெட்டலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இரண்டு பாதியும் இருக்கிறது.

என் கோபம் தீரவில்லை. அந்தப் பேப்பர் மேல், வராத அந்தக் கட்டைவிரல்கள் மேல், கேட்டதை மட்டும் கொடுக்கும் அந்தத் தேடல் பெட்டிமேல், அதை நம்பிய என்மேல். உன்மேலும் கொஞ்சம் இருக்கிறது. நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். திங்கள் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். வாசலை மிதிக்கமாட்டேன், நேராகத் தெருமுனைக்கே வந்துவிடுவேன்.

அங்கே யாராவது ஏதாவது சொன்னால் கத்தாதே. உன் போனை அவர்கள் கையில் கொடு. அப்பாவின் பெயரை அடிக்கச் சொல்லாதே. மாவு மில் அம்மாவுடைய அம்மாவின் பெயரை அடிக்கச் சொல். அவர் பாடுவார் என்பதிலிருந்து ஆரம்பித்து, டிராக்டர், கேட், செத்த போன், ஐந்து வரி என்று கடைசிவரை அவர்களே வாசிக்கட்டும்.

அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அந்தப் பெயரை நீ ஒருமுறை அடித்துப் பார்.

அக்கா